ஊமைப் பெயரும் உறுதிமொழியும்

ஜோசப் வில்லியம் நேமத். 1965 முதல் 1976 வரை நியூயார்க் ஜெட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக நின்று, 1977இல் ஒரே ஒரு பருவம் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு ஆடிவிட்டு ஓய்ந்த அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரரின் முழுப்பெயர் இது. ஆட்டத்தை அறிந்தவர்கள் அவர் எறிந்த பந்துகளைப் பேசுவார்கள். சொற்பித்துப் பிடித்த நமக்கோ அந்தப் பெயரைக் கையிலெடுத்து ஒவ்வொரு அடுக்காக உரித்துப் பார்க்காமல் உறக்கம் வராது. உரித்துத்தான் பார்ப்போமே.

முதலடுக்கு எளிது. எபிரேயத்தில் யோசேப்பு என்றால் ‘இன்னும் கூட்டித் தருவான்’ என்று பொருள். யோசேப்பு, சூசை, யூசுப் என்று நம்மிடையே சமயத்துக்கு ஒரு வடிவமாக உலவும் பெயர்தான் அது. அடுத்தது வில்லியம். பழைய ஜெர்மானியக் கிளைமொழிகளின் இருசொல் கூட்டு. முன்பாதி ‘விருப்பம்’, பின்பாதி ‘தலைக்கவசம்’. கவசம் அணியாமல் களமிறங்கவே முடியாத ஆட்டத்தை ஆடப் பிறந்த பிள்ளைக்குப் பெயரின் நடுவிலேயே கவசம் அமைந்துவிட்டது! இதே வில்லியத்தைப் பிரெஞ்சுக்காரர் கியோம் என்பர். ஜெர்மானியச் சொல் முதலில் நிற்கும் வகரம் பிரெஞ்சு நாவில் ககரமாய்த் திரிவது ஒரு விதி. வாசகர் இந்த விதியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளட்டும். பின்னால் அவிழ்க்க வேண்டிவரும்.

இனி நேமத். ஹங்கேரியரின் நேமெத் என்னும் குடும்பப் பெயரே கடல் கடந்து நேமத் ஆயிற்று. ஹங்கேரிய மொழியில் நேமெத் என்றால் ஜெர்மானியன். ஆனால் அச்சொல் ஹங்கேரியரின் சொந்தச் சொத்து அன்று; அண்டை அயலில் வாழ்ந்த ஸ்லாவியரிடம் அவர்கள் வாங்கிய கடன். ஸ்லாவிய மொழிகளில் ‘நேம்’ என்னும் அடிக்கு ஊமை என்று பொருள். அதன்மேல் எழுந்த சொல்லால்தான் ரஷ்யர் இன்றும் ஜெர்மானியனை நேமெத்ஸ் என்கிறார்கள். போலந்து மக்கள் ஜெர்மனியை நியெம்ட்சி என்கிறார்கள். அதே சொல் துருக்கியர் கைமாறி அரபுவரை போய், அங்கே ஆஸ்திரிய நாட்டுக்கு நம்சா என்று பெயராக நிலைத்துவிட்டது. ஓர் ஊமைச் சொல் எத்தனை மொழிகளில் பேசியிருக்கிறது பாருங்கள்.

ஜெர்மானியன் எப்படி ஊமையானான்? அவன் பேசினான், கேட்டவனுக்கு விளங்கவில்லை. ஸ்லாவியர் தம்மைக் குறிக்க வழங்கும் பெயர் ‘சொல்’ என்று பொருள்படும் ‘ஸ்லோவோ’விலிருந்து வந்தது என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. சொல்லுடையார் நாம், சொல்லற்றார் அவர் என்று உலகை இரண்டாக வகுத்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த வகுப்பு நமக்கும் புதிதன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக்குள், பேச நா எழாமல் உடம்பின் அசைவாலேயே கருத்தைத் தெரிவிக்கும் மிலேச்சர் அருகிருந்து காவல் செய்கிறார்கள். மிலேச்சர் என்ற வடசொல்லே தெளிவின்றிப் பேசுவோரைச் சுட்டப் பிறந்தது. அந்தக் காவலர்க்கும் தம் வீட்டில், தம் மனைவி மக்களிடத்தில், நாவன்மை இல்லாமலா போயிருக்கும்? பாசறையில் அதைக் கேட்டறியும் செவி இல்லை, அவ்வளவே. ஊமை என்னும் சொல் பேசியவன் நாவைப் பழிக்கிறது. குறையோ கேட்டவன் காதில் இருக்கிறது.

ஹங்கேரியரிடையே மிகப் பரவலான குடும்பப் பெயர்களைப் பார்த்தால் ஹோர்வாத், தோத், நேமெத் மூன்றும் கண்ணில் படும். முதலாவது குரோவாசியன், இரண்டாவது ஸ்லாவியன், மூன்றாவது நம் ஜெர்மானியன். ஊரில் எல்லாரும் ஒரு மொழி பேச, வேற்றுநிலத்திலிருந்து வந்தவனையோ வந்தவன் வழித்தோன்றலையோ பிரித்துச் சொல்ல எழுந்த பெயர்கள் இவை. நன்னூலார் கண்ணுக்கு இவையெல்லாம் ஐயமறக் காரணப்பெயர்கள்.

அந்தக் காரணம் கப்பலேறியபோது கழன்று கடலில் விழுந்தது. நேமத்தின் பாட்டனார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரியிலிருந்து வந்து, பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் நிலக்கரியிலும் எஃகிலும் உழைத்தவர். தந்தையும் எஃகாலைத் தொழிலாளி. பிட்ஸ்பர்க் நகருக்கு வடமேற்கே உள்ள பீவர் ஃபால்ஸ் என்னும் ஆலையூரில் 1943 மே 31 அன்று நேமத் பிறந்தார். அந்த ஊரில் யாருக்கும் நேமெத் என்றால் ஜெர்மானியன் என்றோ ஊமை என்றோ தெரிய வேண்டிய தேவையில்லை. பெயர் இடுகுறியாயிற்று.

ஆனால் ஒலியைக் கவனியுங்கள், அதில்தான் சுவை. ஹங்கேரியத்தில் பெயரின் முதல் உயிரான ஏகாரம் உரோமன் நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தால் எழுதப்படுவது. அமெரிக்காவில் அதே ஏகாரத்துக்கு முதலாம் எழுத்து வந்து நின்றது. எழுத்து மாறியது, ஒலி மாறவில்லை. இரண்டாம் உயிரான எகரம் மட்டும் நெகிழ்ந்து அகரத்தின் பக்கம் சாய்ந்தது. கடைசி மெய்யில் நடந்தது இன்னும் அழகு. ஹங்கேரியரின் பழங்குடும்பப் பெயர்களில் தகர மெய்க்குப் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து ஒன்று நிற்கும். அது பழைய எழுத்துமுறையின் எச்சம், ஒலிப்பே இல்லை, நுனிநா பல்லைத் தொட்டு அடைக்கும் வெறும் தகரமாகவே அவர்கள் முடிப்பார்கள். ஆங்கில நாவோ அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்துப் பார்த்ததும், நாவைப் பல்லிடையே நீட்டிக் காற்றை உரசவிட்டு ஒலித்தது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ‘த்’ ஒன்றேதான். ஆயினும் ஒன்று வல்லின அடைப்பு, மற்றது உரசல். ஹங்கேரியில் வாய் திறவாமல் நின்ற எழுத்து அமெரிக்காவில் பேசத் தொடங்கிவிட்டது.

பெயர் இருக்கட்டும், பிள்ளை ஏற்ற பணியின் பெயரைப் பார்ப்போம். ரக்பி ஆட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னே நிற்பவர்களைத் தொலைவு நோக்கிப் பெயரிட்டார்கள். எல்லாருக்கும் பின்னால் நிற்பவர் முழுப்பின்னர். இடையில் நிற்பவர் அரைப்பின்னர். இந்த ஆட்டம் அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் நுழைந்த பிறகு, யேல் கல்லூரியின் வால்ட்டர் கேம்ப் முயற்சியால் 1880இல் ஒரு விதி மாறியது. இரு அணியும் பந்தைச் சூழ்ந்துகொண்டு மல்லுக்கட்டுவது நீங்கி, ஓரணியிடம் பந்து உறுதியாக இருக்க, முன்வரிசையின் நடுவே நிற்பவர் அதைப் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும் முறை வந்தது. தள்ளிய பந்தை வாங்குபவர் முன்வரிசைக்கும் அரைப்பின்னருக்கும் நடுவில் நின்றார். முழுமைக்கு அரை, அரைக்குள் பாதி கால். ஆகவே அவர் குவார்ட்டர்பேக், அதாவது கால்பின்னர். முந்திரி, காணி, வீசம் என்று எண்ணின் தூளுக்கெல்லாம் பெயரிட்டு வாழ்ந்த நம்மவர்க்கு ஆளைப் பின்னத்தால் அழைக்கும் இந்த வழக்கில் வியப்பேதும் இராது.

வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பெயரில் அவர்களுடைய ‘குவார்ட்டர்’ நான்கிலொன்று என்பதோடு நின்றுவிடும்; நம்முடைய ‘கால்’ நிற்காது. நான்கிலொன்றும் கால், உடம்பைத் தாங்கும் உறுப்பும் கால், பழந்தமிழில் காற்றும் கால். தொடக்கக் கால்பின்னர் பந்தை வாங்கி ஓடுபவரிடம் கொடுக்கும் இடைத்தரகர் அளவில்தான் இருந்தார். 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்த பிறகே அவர் கை ஓங்கியது. பந்து காற்றில் ஏறியது. இன்று ஆங்கிலத்தில் ஒரு செயலை முன்னின்று நடத்துவதற்கே ‘குவார்ட்டர்பேக்’ வினைச்சொல். ஆட்டமெல்லாம் முடிந்தபின் இப்படி ஆடியிருக்கலாம், அப்படி எறிந்திருக்கலாம் என்று அறிவுரை சொல்பவருக்குத் ‘திங்கட்கிழமைக் காலைக் குவார்ட்டர்பேக்’ என்று பட்டமும் உண்டு. நான்கிலொரு பங்காய்ப் பிறந்த சொல் முழுத்தலைமை என்ற பொருளுக்கு வளர்ந்துவிட்டது.

நேமத்தின் வாழ்க்கையை இந்த மூன்று கால்களும் பங்கிட்டுக்கொண்டன. அலபாமா பல்கலைக்கழகத்தில், ‘கரடி’ என்று புகழ்பெற்ற பயிற்சியாளர் பிரையண்டிடம் மூன்று பருவம் கால்பின்னராக ஆடினார். அணி 29 வெற்றியும் 4 தோல்வியும் கண்டது. 1964இல் வலது முழங்கால் பழுதுபட்டது. அதன்பின் எத்தனை அறுவை செய்தும் அந்தக் கால் பழைய கால் ஆகவில்லை. ஓட முடியாதவனுக்குக் காற்றே துணை. பின்னே விரைந்து நகர்ந்து, காதோரம் வரை பந்தை உயர்த்தி, மணிக்கட்டைச் சொடுக்கி விடுவிக்கும் அவர் எறிதலின் வேகத்தைக் கண்டவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

1965 தொடக்கத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அவரை 4,27,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்நாளில் யாரும் கேட்டிராத தொகை. அந்த அணிக்கு முதலில் டைட்டன்ஸ் என்று பெயர். 1963இல் புது உரிமையாளர் கைக்கு வந்தபோது ஜெட்ஸ் ஆனது. அவர்கள் குடிபுகவிருந்த ஷே விளையாட்டரங்கம் லகார்டியா விமான நிலையத்துக்கு அருகில் இருந்தது. ஜெட் விமானங்களின் காலமும் அது. ஆனால் ஜெட் என்ற சொல்லின் வேர் விமானத்தைவிட ஆட்டக்காரனுக்கே நெருக்கம். லத்தீனில் எறிதலைக் குறித்த சொல் பிரெஞ்சில் ‘ஜெத்தே’ என்னும் வினையாகி, பீறிட்டெறியப்படும் நீர்த்தாரையைக் குறித்து, பிறகு கனல்வளியைப் பின்னே எறிந்து முன்னே பாயும் விமானத்துக்குப் பெயரானது. எறியும் அணிக்கு எறிகிறவன் வந்து சேர்ந்தான். 1967இல் 14 ஆட்டங்களில் 4,007 கெஜம் எறிந்து, தொழில்முறை ஆட்டத்தில் ஒரே பருவத்தில் 4,000 கெஜத்தைக் கடந்த முதல் ஆள் ஆனார்.

இதற்கிடையே அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 1965 ஜூலையில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில், பிராட்வே விளக்கொளிக்கு நடுவே சீருடையோடு நின்றார். அதைக் கண்ட சக ஆட்டக்காரர் ஷெர்மன் பிளங்கெட் வேடிக்கையாகச் சொன்ன பெயர்தான் ‘பிராட்வே ஜோ’. நியூயார்க் டச்சுக்காரர் ஊராக இருந்த நாளில் அகன்ற வழி என்று அவர்கள் வைத்த பெயரை ஆங்கிலேயர் அப்படியே மொழிபெயர்த்தது பிராட்வே. வணிகச் சாத்துகள் போன நெடுவழியை நம் கல்வெட்டுகள் பெருவழி என்கின்றன. அந்தச் சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். பெருவழி பின்னாளில் நாடகக் கொட்டகைகளின் தெருவாகி, பகட்டுக்கு ஆகுபெயராயிற்று. நெடிய மென்மயிர்ச் சட்டையும் வெள்ளைக் காலணியும் இரவு விருந்துமாக வலம்வந்த இளைஞனுக்குப் பெருவழி ஜோ என்பது காரணப்பெயரே. இடுகுறியாகத் தேய்ந்த குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் புதுக் காரணம் ஒன்று முளைத்தது.

இனி முடிச்சை அவிழ்க்கலாம். 1969 ஜனவரி 12, மயாமி நகரின் ஆரஞ்ச் பௌல் அரங்கம். தொழில்முறை ஆட்டத்தின் இரு கூட்டமைப்புகளில் இளையதன் வாகையரான ஜெட்ஸும் மூத்ததன் வாகையரான பால்டிமோர் கோல்ட்ஸும் இறுதியாட்டத்தில் மோதவிருந்தன. சூப்பர் பௌல் என்ற பெயரை முறைப்படி தாங்கிய முதல் ஆட்டம் அது. கோல்ட் என்றால் இளங்குதிரை. பால்டிமோரின் குதிரைப் பந்தய மரபுக்காக வைத்த பெயர். தொல்காப்பிய மரபியல் வழியில் சொன்னால் கன்றுகள். அந்தக் கன்றுகள் 14 ஆட்டத்தில் 13ஐ வென்று வந்திருந்தன; பந்தயக்காரர்கள் 18 புள்ளிகள் அவர்கள் பக்கம் கூட்டி வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு மயாமியில் ஒரு விருது விழா. கூட்டத்திலிருந்து ஒருவர் கோல்ட்ஸ் உங்களை மிதித்துவிடும் என்னும் போக்கில் சீண்ட, ஞாயிறன்று நாங்கள்தான் வெல்வோம், கேரண்டி தருகிறேன் என்றார் நேமத்.

கேரண்டி! நம் கடைத்தெருவில் மின்விசிறி முதல் கைக்கடிகாரம் வரை கேரண்டியா வாரண்டியா என்று கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. இரண்டும் ஒரு தாய் மக்கள். பிணையாய் நிற்பவனைக் குறித்த ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குள் போனது. வடபுறத்து நார்மன் பிரெஞ்சில் வகரம் மாறாமல் நின்று வாரண்டி ஆயிற்று. பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் வகரம் ககரமாகிக் கேரண்டி ஆயிற்று. வில்லியம் கியோம் ஆன அதே விதி. ஆங்கிலம் இரண்டையும் வாரிப் பெட்டியில் போட்டுக்கொண்டது. நம் காவல்நிலையங்கள் பயன்படுத்தும் வாரண்டும் இக்குடும்பத்து இளையவரே. அன்று நேமத் தந்தது சொல்லைப் பிணைவைத்த உறுதி. ஊமை என்ற பெயர் தாங்கியவன் வாயிலிருந்து, எதிரே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கும்படி ஒரு வாக்கு.

எதிரணி வரிசையில் இன்னொரு பெயரும் இருந்தது: ஜானி யூனிடாஸ். லித்துவேனியரின் யோனாய்டிஸ், அதாவது யோனாஸ் மகன், ஆங்கிலச் செவியில் விழுந்து யூனிடாஸ் ஆனது. யோனாஸ் ஜானின் மறுவடிவம். ஆக அவர் பெயர் ‘ஜான் மகன் ஜான்’. அவரும் பிட்ஸ்பர்க் பக்கத்து மண்ணில் பிறந்தவரே. கைக்காயத்தால் அந்தப் பருவம் அவர் பெரும்பாலும் வெளியே அமர்ந்திருக்க, ஏர்ல் மோரல் கால்பின்னராக இறங்கினார்.

ஆட்டத்தில் ஒரு கணத்தை அருகே நின்று பார்ப்போம். இரண்டு வரிசையும் குனிந்து முகத்துக்கு முகம் நிற்கின்றன. நடுவரிசையாளன் முதுகுக்குப் பின்னால் கை நீட்டி நிற்கும் நேமத், எதிர் வரிசையின் நிலையை ஒரு நொடி ஏறிட்டுப் பார்க்கிறார். முன்பே பேசிவைத்த திட்டத்தை மாற்றி, எண்ணும் சொல்லும் கலந்த குறிமொழியில் உரக்கக் கூவுகிறார். இதற்கு அவர்கள் சொல் ஆடிபிள், ‘செவிப்படுவது’. தன்னவர்க்கு விளங்க வேண்டும்; எதிரே ஒரு முழத் தொலைவில் நிற்பவனுக்குக் காதில் விழுந்தும் விளங்கக் கூடாது. நேமெத் என்ற சொல் பிறந்த நிலைமையேதான், ஆனால் இப்போது திட்டமிட்டு உண்டாக்கியது! அன்று அப்படிக் கூவி மாற்றிய திட்டங்கள் மிகப் பல. பந்தை வாங்கிய மாட் ஸ்னெல் இடப்பக்கமாக மீண்டும் மீண்டும் பாய்ந்து 121 கெஜம் ஓடினார். நான்கு கால்களாகப் பகுத்த ஆட்டத்தின் இரண்டாம் காலில், எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் முதல் டச்டவுனும் அவருடையது. எறிதலுக்குப் பேர்போன நேமத் ஒரு டச்டவுன்கூட எறியவில்லை. நான்காம் காலில் ஒருமுறையும் எறியவே இல்லை. கால்பின்னர் கடைசிக் காலில் காற்றை நம்பவில்லை. ஜிம் டர்னர் மூன்று முறை பந்தை உதைத்துப் புள்ளி சேர்த்தார். பிந்தி இறங்கிய யூனிடாஸ் கோல்ட்ஸுக்கு ஒரே ஒரு டச்டவுன் தேடித் தந்தார். ஜெட்ஸ் 16, கோல்ட்ஸ் 7. நேமத் ஒரு சொல்லும் பேசாமல், வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டியபடி களத்தைவிட்டுப் போனார். முல்லைப்பாட்டின் காவலர் போல அவரும் உடம்பால் பேசினார். இம்முறை விளங்காதவர் எவருமில்லை.

அவர் சொன்னதெல்லாம் பலித்துவிடவில்லை. அதே 1969 கோடையில், தான் பங்குதாரராக இருந்த மதுக்கூடத்துக்குச் சூதாடிகள் வருகிறார்கள் என்று ஆணையர் பீட் ரோசெல் விற்கச் சொல்ல, கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். சில வாரத்தில் பங்கை விற்று, ஓய்வென்ற சொல்லையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1972 செப்டம்பர் 24 அன்று பால்டிமோரில் யூனிடாஸுக்கு எதிராக 496 கெஜமும் ஆறு டச்டவுனும் எறிந்து 44–34 என வென்றது எறிகலையின் உச்சம். கணக்கைக் கூட்டினால் 173 டச்டவுன்; எதிரணி இடைமறித்துக்கொண்ட எறிகள் 220. கணக்கர் முகம் சுளிக்கும் விகிதம்தான். ஆயினும் 1985இல் தொழில்முறைக் கால்பந்தாட்டப் புகழ்க்கூடம் அவரை ஏற்றுக்கொண்டது.

ஏனெனில் பெயர் மறுபடி காரணப்பெயர் ஆகிவிட்டது. 1994இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் பனிவளைதடி அணித்தலைவர் மார்க் மெசியர் வெற்றியை முன்கூட்டியே உறுதிசொல்லி வென்றபோது, அவரை ஒப்பிட்டது நேமத்தோடுதான். இன்றும் ஓர் ஆட்டக்காரன் வாய்விட்டு வெற்றி கூறினால் செய்தியாளர் எழுதுகோல் அந்தப் பெயரையே தேடுகிறது. காரணம் பெற்று, காரணம் இழந்து, வேறொரு காரணம் பெறும் இந்தச் சுற்றைப் பெயரியல் படிப்போர் நன்கறிவர். ஒரே குடும்பப் பெயரில், இரண்டே தலைமுறை இடைவெளியில், முதற்பொருளுக்கு நேரெதிராக அது முடிவதுதான் அருமை. ஹங்கேரிய அகராதி நேமெத் என்பதற்கு ஜெர்மானியன் என்று எழுதட்டும். ஸ்லாவிய வேர்நூல் ஊமை என்று எழுதட்டும். ஆட்டக்கள வழக்கில் நேமத் என்றால் என்னவென்று கேட்பவர்க்குத் தமிழில் விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை. நம் ஊர்த் திடல்களில் நாளும் புழங்கும் சொல்லே இருக்கிறது: சொல்லி அடித்தவன்.